வெறும் பெட்டியின் விலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், யார்க் நகரப் பொருட்காட்சித் திடலில், ஆண்டுக்கு இருமுறை பொம்மை ரயில் சேகரிப்பாளர்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். கூடம் கூடமாக மேசைகள். அவற்றின்மேல் எஞ்சின்களும் வேகன்களும் சிக்னல் கம்பங்களும் தண்டவாளத் துண்டுகளும். அவற்றுக்கு நடுவே, உள்ளே ஒன்றுமே இல்லாத பழைய அட்டைப்பெட்டிகளும் விலைச்சீட்டோடு அடுக்கப்பட்டிருக்கும். 1950-களில் ஏராளமாக விற்பனையான ஒரு சாதாரண லயனல் நிறுவனச் சரக்கு வேகனை இன்று சில டாலருக்கு வாங்கிவிடலாம். அது வந்த ஆரஞ்சும் நீலமுமான பெட்டி கசங்காமல், இருமுனை மடிப்புகளும் கிழியாமல் கிடைத்தால், வேகனைவிடப் பெட்டிக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். உட்பக்கச் சிறு மடிப்பு ஒன்று போயிருந்தாலும் விலை இறங்கிவிடும். இந்தக் கூட்டத்தை நடத்தும் டிரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷன் 1954-இல் அதே மாநிலத்தின் யார்ட்லியில் தொடங்கப்பட்டது. ரயிலின் தரத்தை அளக்க ஓர் அளவுகோலையும், பெட்டிக்கும் தாளுக்கும் தனியாக இன்னொன்றையும் அது வகுத்து வைத்திருக்கிறது.

ஒரு பொருளை விற்பதற்காகச் சுற்றிய அட்டை, அந்தப் பொருளையே விலையில் விஞ்சுவது எப்படி? அரிதாகக் கிடைப்பதால் என்பது பாதி விடைதான். அரிதான குப்பை உலகில் எத்தனையோ உண்டு. எல்லாவற்றையும் யாரும் தேடுவதில்லை. பொம்மை ரயிலின் பெட்டியைத் தேடுகிறார்கள் என்றால், ரயில் சொல்லாத எதையோ அது சொல்கிறது. அது என்ன என்பதும், அதைச் சந்தை எப்படி நடத்துகிறது என்பதுமே இந்தக் கட்டுரையின் பொருள்.

மைக்கேல் தாம்சன் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1979-இல் குப்பையைப் பற்றி ஒரு கோட்பாட்டு நூல் எழுதினார். பொருள்களைச் சமூகம் இரண்டு வகையாகப் பார்க்கிறது என்றார் அவர். வாங்கிய நாளிலிருந்தே மதிப்பு தேய்ந்துகொண்டு போகும் பொருள்கள் ஒரு வகை. காலம் செல்லச் செல்ல மதிப்பு ஏறும் பொருள்கள் இன்னொரு வகை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நேர்வழி கிடையாது. இடையில் குப்பை என்ற, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு நிலையைக் கடந்தாக வேண்டும். விக்டோரியா காலத்தில் கவன்ட்ரி நகரத்துத் தறிகளில் நெய்யப்பட்ட சிறு பட்டுச் சித்திரங்கள் பல பத்தாண்டுகள் மதிப்பின்றிக் கிடந்து, பிறகு ஏலக்கூடங்களில் ஏறிய கதையை அவர் சான்றாகக் காட்டினார். பொம்மை ரயில் இந்தப் பாதைக்கு நன்றாகப் பொருந்துகிறது: புதுப்பொருளாக வந்தது, பையன் வளர்ந்ததும் பரணுக்குப் போனது, நாற்பது ஆண்டு கழித்து இறங்கி வந்தது. பெட்டியின் பாதை இன்னும் வேகமானது. கடையிலிருந்து வந்த அன்றே அது குப்பை. அதற்கென்று யாரும் காசு கொடுக்கவில்லை. எனவே அதைக் காப்பாற்றியவர்களுக்கு எந்த வணிக நோக்கமும் இருந்திருக்க முடியாது. பிழைத்தவை வேறு ஏதோ காரணத்தால் பிழைத்தன.

அந்தக் காரணம், அமெரிக்காவைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ். ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம், முதலில் கடைக் கண்ணாடி அலமாரிகளில் வாடிக்கையாளரை ஈர்க்க ஓடும் ஒரு மின்சார வண்டியைத்தான் செய்தது. பார்த்தவர்கள் அந்த வண்டியையே விலைக்குக் கேட்டார்கள். அரை நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது லயனல். அதன் வியாபாரம் பெரும்பாலும் ஆண்டின் கடைசிச் சில வாரங்களில் நடந்தது. கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றித் தண்டவாளம் வளைத்து ரயில் விடுவது பல குடும்பங்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. மரத்தை அகற்றியதும் ரயிலையும் கழற்றி எடுத்துவைக்க வேண்டும். எதில் வைப்பது? வந்த பெட்டியில்தான். ஒவ்வொரு வேகனுக்கும் தனிப்பெட்டி, எல்லாம் சேர்ந்து உட்காரும் பெரிய நெளி அட்டைப்பெட்டி என்று லயனல் அனுப்பியிருந்த அமைப்பு, அடுத்த டிசம்பர் வரை பாதுகாக்க வாகாக இருந்தது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு குளிர்காலங்கள் எடுத்து எடுத்து வைத்ததில்தான் பல பெட்டிகளின் மடிப்புகள் நைந்தன. இன்று தரக்குறைவு என்று கழிக்கப்படும் அந்த நைவு, உண்மையில் அந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்ததன் அடையாளம். மாறாக, மேசைமேல் பலகை அடித்து நிரந்தரமாக ரயில்பாதை அமைத்த வீடுகளில் பெட்டிகள் முதல் வாரத்திலேயே தெருமுனைக்குப் போயின. ரயிலை அதிகம் நேசித்த பையன்களின் பெட்டிகளே அதிகம் அழிந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

பெட்டி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லயனல் பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் வரிசையாகப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்: 1940-களின் நடுவில் வந்த தடித்த எழுத்துப் பெட்டி ‘ஆர்ட் டெகோ’, அதற்குப் பின் ‘ஏர்லி கிளாசிக்’, ‘மிடில் கிளாசிக்’, ‘லேட் கிளாசிக்’. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே ஆரஞ்சு, ஒரே நீலம். கூர்ந்து பார்த்தால், முதல் கிளாசிக் பெட்டிகளில் நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ என்று மூன்று ஊர்ப்பெயர்கள் இருக்கும். கொஞ்ச காலத்தில் சான் பிரான்சிஸ்கோ மறைந்துவிடும். 1950-களின் நடுவில் பெட்டியின் நான்கு பக்கங்களிலும் இருந்த சரக்கு எண் போய், முனை மடிப்பில் மட்டும் தங்கும். எண்ணைப் பக்கங்களில் அச்சிடாவிட்டால் ஒரே அட்டையைப் பல வேகன்களுக்கு அடித்துக்கொள்ளலாம் என்பது ஒரு சிக்கனம். 1960-களில் செல்லோபேன் ஜன்னல் வைத்த பெட்டி வந்தது. வாங்குபவர் திறக்காமலே பொருளைப் பார்க்கலாம், கடையில் விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை. 1968-இல் உற்பத்தியின் ஒரு பகுதி மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனுக்குப் போனபோது அந்த ஊர்ப்பெயர் பெட்டியில் ஏறியது. அடுத்த இரண்டாண்டுக்குள் ரயில் தயாரிக்கும் உரிமை ஜெனரல் மில்ஸ் என்ற காலை உணவு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு நிறுவனம் செழித்து, சிக்கனம் பிடித்து, கைமாறிய வரலாறு முழுவதும் அதன் ரயில்களில் தெரிவதைவிடப் பெட்டிகளில் தெளிவாகத் தெரிகிறது.

இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1952-ஆம் ஆண்டுப் பெட்டி. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். விலைவாசியைப் பிடித்து நிறுத்த அமெரிக்க அரசு விலை நிலைப்படுத்தும் அலுவலகம் ஒன்றை அமைத்திருந்தது. அதன் ஆணைப்படி விற்கக்கூடிய உச்ச விலை பெட்டியிலேயே அச்சிடப்பட்டது. அந்த அலுவலகத்தின் முதலெழுத்துகளைச் சொல்லி ‘ஓ.பி.எஸ். பெட்டி’ என்றே இதை அழைக்கிறார்கள். அதே போர் எஞ்சினுக்குள்ளும் நுழைந்தது. லயனல் தன் ஐம்பதாம் ஆண்டான 1950-இல், சக்கரங்களைக் காந்தமாக்கித் தண்டவாளத்தை இறுகப் பற்றச் செய்யும் ‘மேக்னிடிராக்‌ஷன்’ என்ற உத்தியைப் புகுத்தியிருந்தது. போருக்குக் காந்த உலோகம் தேவைப்பட்டதால் 1952-இல் அது கிடைக்கவில்லை. காந்தமில்லாமல் வந்த எஞ்சின்களுக்கு 671ஆர்ஆர், 726ஆர்ஆர் என்று எண்கள் மாறின. காந்தம் இல்லாத எஞ்சினையும் உச்ச விலை அச்சிட்ட பெட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தூரதேசத்துப் போர் ஒரு பையனின் கிறிஸ்துமஸ் பரிசுவரை எப்படி எட்டியது என்பது புரியும். இரண்டில் ஒன்றைப் பிரித்தால் பாதிச் செய்திதான் மிஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லயனல் எதையும் வீணாக்காது. மிஞ்சிய பழைய பெட்டியின்மேல் புது எண்ணை ரப்பர் முத்திரையால் குத்தியோ லேபிள் ஒட்டியோ அடுத்த ஆண்டுச் சரக்கை அனுப்பிவிடும். ஆகவே பெட்டியின் வகையை வைத்து ‘இந்த ஆண்டுக்கு முன்னால் இல்லை’ என்று சொல்லலாமே தவிர, ‘இதே ஆண்டு’ என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படி மேலொட்டு இட்ட பெட்டிகளைச் சிலர் குறையுள்ளவை என்று தள்ளுகிறார்கள். ஆலையின் கிடங்கில் என்ன மிஞ்சியது, எது எதிர்பார்த்த அளவு போகவில்லை என்பதை வேறெந்தச் சான்றும் இவ்வளவு நேராகக் காட்டாது. என் கணிப்பில் அவை கூடுதல் மதிப்புக்கு உரியவை.

பெரிய நெளி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிமடிப்பில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். பெட்டி செய்தவரின் பெயர், ஊர், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம்வரை அட்டை கிழியாது என்ற சோதனை அளவு, எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற வரம்பு எல்லாம் அதில் உண்டு. சில பெட்டிகளில் ஆண்டைக் காட்டும் சிறு எண்ணும் இருக்கும். இந்த முத்திரை எங்கிருந்து வந்தது என்பது தனியாகச் சொல்லவேண்டிய கதை. நெளி அட்டைக்கான அமெரிக்கக் காப்புரிமையை ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871-இல் பெற்றார். பாட்டில்களைச் சுற்றிவைக்க உதவும் என்பதே அவர் எண்ணம். 1879-இல் புரூக்ளின் நகரத்தில் ராபர்ட் கெயர் என்பவரின் அச்சகத்தில் தாள்பைகளை மடிக்கும் தகடு நழுவி, பைகளை வெட்டிவிட்டது. ஒரே அழுத்தில் வெட்டவும் மடிப்புக்கோடு போடவும் முடியும் என்பதை அந்தப் பிழையிலிருந்து அவர் கண்டுகொண்டார். தட்டையாக அனுப்பி, தேவைப்படும்போது விரித்துக்கொள்ளும் அட்டைப்பெட்டி பிறந்தது. ஆனால் சரக்கு ஏற்றும் ரயில் நிறுவனங்கள் மரப்பெட்டிக்குப் பழகியிருந்தன; அட்டைப்பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் விதித்தன. பிரிதம் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் மாநிலங்களுக்கிடை வணிக ஆணையம் 1914-இல் தந்த தீர்ப்பு இந்தப் பாகுபாட்டை முறித்தது. அட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுகளைச் சரக்கு வகைப்பாட்டு விதிகளில் 41-ஆம் விதியாக ரயில் நிறுவனங்கள் வகுத்தன. அந்த விதிக்கு உட்பட்டுச் செய்யப்பட்டது என்பதற்கான சான்றுதான் வட்ட முத்திரை.

அதாவது, பொம்மை ரயில் வந்த பெட்டியின் அடியில் இருக்கும் முத்திரை நிஜ ரயில்கள் கேட்டு வாங்கியது. நியூ ஜெர்சியில் இருந்த லயனல் ஆலைக்குப் பெட்டி செய்து கொடுத்தவர்களில் நியூயார்க்கின் மாஸ்பெத்தில் இருந்த ஸ்டார் நிறுவனமும், நியூ ஜெர்சியின் போகோட்டாவில் இருந்த கெயர் போகோட்டா நிறுவனமும் உண்டு. பின்னதன் பெயரில் இருப்பது மேலே சொன்ன ராபர்ட் கெயரின் பெயர்தான். நெளி அட்டையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காப்புரிமைப் பத்திரங்களையும் வழக்கு ஆவணங்களையுமே நம்பியிருக்கிறார்கள். உபயோகித்த நெளி அட்டைப்பெட்டியை யார் எடுத்துவைத்தார்கள்? சோப்பு வந்த பெட்டியும் பழரசம் வந்த பெட்டியும் அடுப்புக்குப் போயின. பொம்மை ரயிலின் பெட்டி மட்டும் ஒவ்வொரு ஜனவரியிலும் மீண்டும் நிரப்பப்பட்டு, தேதியிடத்தக்க நிலையில், ஆயிரக்கணக்கில் நின்றிருக்கிறது. தொழில் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பக்கம் இன்னும் அழுத்தமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு வகைச் செய்தியும் பெட்டியில் மட்டுமே இருக்கிறது. லயனல் ஆண்டுதோறும் வெளியிட்ட வண்ண விலைப்பட்டியலில் வராத தொகுப்புகள் பல உண்டு. சியர்ஸ் போன்ற பெருங்கடைகளுக்காகத் தனியாகக் கட்டிக் கொடுத்தவை. அவற்றில் இருந்த எஞ்சினும் வேகன்களும் எங்கும் கிடைக்கும் சாதாரண வகைகளே. எந்த எஞ்சினோடு எந்த வேகன்கள், எந்தக் கடைக்கு என்பதைக் காட்டுவது வெளிப்பெட்டியின்மேல் குத்திய எண் ஒன்றுதான். பெட்டி போனால் தொகுப்பே இல்லாமல் போகிறது. மிஞ்சுவது பல பழைய வேகன்கள், அவ்வளவே. இத்தகைய தொகுப்புகளை மீட்டெடுத்துப் பட்டியலிட்டவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்ல. பெட்டி பெட்டியாகப் பார்த்து எண்களைக் குறித்துவைத்த சேகரிப்பாளர்கள். இவற்றிலும் அரிது, பல தொகுப்புகளை ஒன்றாக அடுக்கிக் கடைக்கு அனுப்பிய பெருங்கட்டுப் பெட்டி. அதை வாங்கியவர் வீடுவரை அது வந்ததே இல்லை. கடையின் பின்கட்டிலேயே கிழிக்கப்பட்டது.

விலைக்கு வருவோம். பழைய எஞ்சின் ஒன்றை வாங்குபவருக்கு, விற்பவர் அறிந்த எல்லாமும் தெரியாது. வண்ணம் மூலமா, பின்னால் பூசியதா? சக்கரம் மாற்றியதா? பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கிய சிக்கல் இது: தரத்தைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளும் சந்தேக விலைக்கே போகும். இந்த இருட்டில் மூலப்பெட்டி நம்பிக்கையைக் கொடுக்கிறது. பெட்டியைக் காத்தவர் எஞ்சினையும் காத்திருப்பார். பெட்டியின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் பொருந்துகின்றன. ஆகவே இது மாற்றப்படாதது என்று வாங்குபவர் கணக்கிடுகிறார். அவர் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அட்டைக்கு, ஒரு பங்கு அந்த நம்பிக்கைக்கு.

1957-இல் லயனல் பெண்குழந்தைகளுக்கென்று வெளியிட்ட ரயில் இதற்கு உரைகல். இளஞ்சிவப்பு எஞ்சின், எண் 2037-500; அதன் பின்னே இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம், இளவூதா நிறங்களில் வேகன்கள். வாங்கவேண்டிய பெண்குழந்தைகளுக்கு நிஜ ரயில் போலக் கறுப்பாக இருந்தாலே பிடித்திருக்கும் போலும்; ரயில் விற்கவில்லை. விற்காததாலேயே இன்று அது லயனலின் மிகவும் தேடப்படும் தொகுப்புகளில் ஒன்று. ஆனால் 2037 என்ற எஞ்சின் கறுப்பில் ஏராளமாக வந்தது. இளஞ்சிவப்பு வண்ணம் அடிப்பது கடினமல்ல. இங்கே 6464-510, 6464-515 என்று முனை மடிப்பில் எண் தாங்கிய சிறு பெட்டிகளும், 1587எஸ் என்ற எண்ணுடைய வெளிப்பெட்டியும் சாட்சிகளாகின்றன. அவற்றின் விலை ஏறியதற்கு அதுவே காரணம்.

சாட்சிக்கு விலை ஏறினால் பொய்ச்சாட்சி வரும். மறுபதிப்புப் பெட்டிகள் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. அலமாரியில் அழகுக்கு வைக்க விரும்புவோர்க்கு அவை நேர்மையாகவே விற்கப்படுகின்றன. மறுபதிப்பு என்று அதன்மேல் குறித்திருக்க வேண்டும் என்பது சேகரிப்பாளர் சங்க நெறி. குறிப்பு அழிக்கப்பட்டோ இல்லாமலோ கைமாறும்போதுதான் சிக்கல். கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பழைய லயனல் பெட்டியில் ஆரஞ்சு என்பது ஆரஞ்சு மையே; நீலம் நீல மையே. உருப்பெருக்கியில் பார்த்தால் நிறம் இடைவெளியின்றிப் பரந்திருக்கும். இன்றைய வண்ண அச்சு, மஞ்சள் புள்ளியையும் செந்நிறப் புள்ளியையும் நெருக்கி வைத்து ஆரஞ்சைக் காட்டுகிறது. உருப்பெருக்கியில் புள்ளிகள் பிரிந்து தெரியும். தாளை வெள்ளையாகப் பளிச்சிடச் செய்யும் ஒளிகூட்டி ரசாயனங்கள் 1950-களுக்கு முன் தாள் தொழிலில் பரவவில்லை. ஆகவே 1930-களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் பெட்டியின் லேபிள் புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். மடிப்புக்கோட்டின் உட்புறமும் ஒரு சாட்சி: பலமுறை திறந்து மூடிய அட்டையில் நார்கள் மெல்லமெல்லத் தேய்ந்திருக்கும், உப்புத்தாளால் தேய்த்துப் பழமை ஏற்றியதில் அந்தத் தேய்வு ஒரே சீராக இருக்கும்.

பெட்டி இவ்வளவு பேசினாலும் அது நீண்ட ஆயுளுக்காகச் செய்யப்பட்டதல்ல. மலிவான மரக்கூழும் கழிவுத்தாளும் சேர்ந்த அட்டையில் லிக்னின் அதிகம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பேறி அமிலமாகும், நார்கள் நொறுங்கும். அமெரிக்கப் பரண்களின் கோடை வெப்பமும் நிலவறைகளின் ஈரமும், எலிகளும் வெள்ளிப்பூச்சிகளும் மிச்ச வேலையைப் பார்த்தன. இவற்றைவிடக் கொடிது, பாசத்தோடு ஒட்டிய செல்லோ டேப். 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1930-இல் கொண்டுவந்த அந்த டேப்பின் ரப்பர் பசை, காலப்போக்கில் எண்ணெயாகிக் கசிந்து அட்டையின் நார்களுக்குள் இறங்கிவிடும். டேப் உதிர்ந்தபின்னும் மஞ்சள் கறை போகாது. கிழிந்த மடிப்பைக் காப்பாற்ற அப்பா ஒட்டியது பெட்டியை இருமடங்கு கெடுத்தது. சில வேளை பெட்டியே பொருளைக் கெடுக்கும். ஜப்பானிலும் கொரியாவிலும் செய்யப்பட்ட நேர்த்தியான பித்தளை எஞ்சின்கள் பல, நுரைப்பஞ்சு மெத்தையில் பொதிந்து வந்தன. அந்த நுரை சில பத்தாண்டுகளில் பிசினாகிப் பூச்சில் ஒட்டிக்கொண்டது. மூலப்பொதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்று அதை அப்படியே விட்டவர்கள் எஞ்சினின் வண்ணத்தை இழந்தார்கள். இத்தகைய நுரையை அகற்றி, வடிவத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அமிலமற்ற தாளில் எஞ்சினைச் சுற்றுவதே சரி. விலைக்காக அதைத் தள்ளிப்போடுவது எனக்கு ஏற்பில்லை.

இங்கிலாந்தில் கதை சற்று வேறு. லிவர்பூலின் பின்ஸ் ரோடு ஆலையிலிருந்து மெக்கானோ நிறுவனம் 1938-இல் ‘ஹார்ன்பி டப்ளோ’ என்ற சிறு அளவு ரயிலை வெளியிட்டது. மறு ஆண்டே போர். அரசு வீடு வீடாகத் தாள் சேகரிக்கச் சொன்னது. பழைய அட்டையைத் தருவது நாட்டுக் கடமையானது. சில விற்பனைக் காலங்களே கண்ட அந்த முதல் டப்ளோ பெட்டிகள் அரிதாக இருப்பதில் வியப்பில்லை. அதே நாட்டில்தான், 1963-இல், ராபர்ட் ஓப்பி என்ற பதினாறு வயதுப் பையன் இன்வர்னெஸ் ரயில் நிலையத்தில் ஒரு மிட்டாய் வாங்கி, தின்றபின் உறையை எறியாமல் வைத்துக்கொண்டான். இன்று லண்டனில் உள்ள பிராண்டுகள் அருங்காட்சியகம் அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்தது. பொதியும் தாளை அதற்காகவே சேகரிக்கலாம் என்பதை அவர் நாட்டுக்குக் காட்டினார்.

பெட்டியின் மதிப்பு தெரிந்துவிட்ட பிறகு என்ன நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1970-க்குப் பின் வந்த லயனல் ரயில்களை வாங்கியவர்களில் பலர் வளர்ந்தவர்கள். பிற்கால விலையை நினைத்துப் பெட்டியோடு, சிலர் திறக்காமலே, எடுத்துவைத்தார்கள். எல்லோரும் காத்ததால் அந்தப் பெட்டிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அவை விலையை உயர்த்துவதே அபூர்வம். போருக்குப் பிந்தைய ரயில்களோடு வளர்ந்த தலைமுறை முதுமையடைந்து சேகரிப்புகள் சந்தைக்கு வர வர, சாதாரண ரயில்களின் விலையும் இறங்கியிருக்கிறது. நல்ல பெட்டியோடு உள்ளவை மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன.

அதனால்தான் பெட்டிகள் தனியாக விற்கப்படுகின்றன. என் கவலை முழுவதும் இங்கேதான். வெறும் பெட்டிக்கு விலை உண்டு என்றானதும், ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக வந்த தொகுப்பைப் பிரித்து விற்பது லாபமாகிறது. நல்ல பெட்டி ஒருவரிடம் போகிறது. நல்ல எஞ்சின் வேறொருவரிடம். வாங்கியவர் தன் எஞ்சினுக்கு எங்கிருந்தோ வந்த பெட்டியைப் பொருத்துகிறார். இரண்டும் அசல், எண்ணும் சரி. ஆனால் அவை ஒன்றையொன்று அறியாதவை. அகழாய்வில் ஒரு பானை எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்ற குறிப்பைத் தொலைத்துவிட்டுப் பானையை மட்டும் எடுத்துவருவதைப் போன்றது இது. எந்த ஆண்டு எஞ்சின் எந்த ஆண்டுப் பெட்டியில் போனது என்று மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பிரியாத தொகுப்புகளை நம்பியே நடந்தன. பொருத்திச் சேர்த்த தொகுப்புகள் பெருகும்போது, அடுத்துவரும் ஆய்வாளர் பார்ப்பது ஆலையின் ஒழுங்கை அல்ல, கடந்த முப்பது நாற்பது ஆண்டுச் சந்தையின் ஒழுங்கை. நம்பிக்கை தந்ததால் விலை பெற்ற பெட்டி, அந்த விலையாலேயே நம்பத்தகாததாகிக்கொண்டிருக்கிறது.

தர அளவுகோல்களும் இதற்கு உதவவில்லை. பெட்டியின்மேல் பென்சிலால் எழுதிய விலை, கடைச் சீட்டு, பையனின் பெயர், ‘மூன்றாம் அலமாரி’ என்று அம்மா எழுதிய குறிப்பு எல்லாம் தரத்தைக் குறைக்கும் கறைகளாகக் கணக்கிடப்படுகின்றன. விற்பவர்கள் அவற்றை அழிக்கிறார்கள், சீட்டை ஆவி காட்டி உரிக்கிறார்கள். மூடப்பட்டுப் போன எத்தனையோ சிற்றூர்ப் பொம்மைக் கடைகளின் பெயரும் விலையும் இந்தச் சீட்டுகளில் மட்டும்தான் இருக்கின்றன. சுத்தமான பெட்டி ஆலையை மட்டும் காட்டும். எழுத்துள்ள பெட்டி கடையையும் வீட்டையும் காட்டும்.

ஏலக்கூடங்களும் விற்பனையாளர்களும் இதில் செய்யக்கூடியது அதிகம், செலவும் குறைவு. பெட்டியும் ரயிலும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தனவா, பின்னால் சேர்க்கப்பட்டனவா என்று ஒரு வரி எழுதலாம். பிரித்துத்தான் விற்க வேண்டும் என்றால், பிரிக்கும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அடிமுத்திரையும் முனை மடிப்பும் தெரியும்படி படமெடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம். முதல் உரிமையாளரின் வீட்டிலிருந்து நேராக வந்த தொகுப்புக்கு வாங்குபவர்கள் இப்போதே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆகவே அந்த ஒரு வரியை எழுதுபவருக்கு நட்டம் வராது. எழுதாமல் பிரிப்பவர்தான், நாளைக்கு யாராலும் திருப்பிச் சேர்க்க முடியாத ஒன்றைச் சில டாலருக்கு விற்கிறார்.